ஏழு சொல் அட்டை

ஜனவரி 6

மதிப்பிற்குரியவருக்கு,

வணக்கம். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதற வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் அனுப்பிய அஞ்சலட்டைக்குப் பதில் எழுதும்போது, இனி எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நீங்களும் சொல் தட்டாமல் எழுதாமலே இருந்துவிட்டீர்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நான் சொன்னதை நீங்கள் மறுபேச்சில்லாமல் கேட்டது அது ஒன்றுதான். இப்போது நானே அதை மீறுகிறேன். காரியம் இரண்டு இருக்கிறது.

முதலாவது வீடு. மார்ச் மாதத்தோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது. அது நம் இருவர் பெயரிலும் இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, "ரெண்டு பேரு போட்டிருக்கு, ஒரு ஆளுதானே இருக்கீங்க. இந்தத் தடவை எழுதும்போது அவர் பேரை எடுத்துடலாமா?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெயர் இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா? தேதிக்குள் செய்தால்தான் அது புதுப்பித்தல் ஆகுமாம். தாண்டிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டுமாம்.

இரண்டாவது அலுவலகம். எங்கள் அகராதியைத் திருத்திப் பதிப்பிக்கிறோம். சொற்களைக் கூட்டம் கூட்டமாக ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வந்தது பழையது புதிதாவதும், போனது திரும்புவதும். புதுப்பித்தல், உயிர்ப்பித்தல், மீட்டல், தேறுதல், துளிர்த்தல், தழைத்தல், மறுமலர்ச்சி. அச்சில் வந்த சான்றுகள் பெட்டி நிறைய இருக்கின்றன. தலைமை ஆசிரியர் அம்மா அந்தப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "புத்தகத்துல இருக்கறது இருக்கட்டும். ரிப்பேர் பண்றவங்க வாயில என்ன வருது? அதைக் கேட்டுட்டு வாங்க" என்கிறார். ரிப்பேர் செய்பவர் என்று எனக்குத் தெரிந்தது உலகத்தில் ஒரே ஒருவர்.

இரண்டுக்கும் பதில் எழுதினால் நல்லது. ஒன்றுக்குத்தான் எழுத முடியுமென்றால் வீட்டுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உதவி ஆசிரியர், அகராதிப் பிரிவு

*

ஜனவரி 19

அன்புள்ள அகராதிக்கு,

மதிப்பிற்குரியவருக்கு என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே உன் அண்ணன், "எங்க வீட்டுப் பொண்ணு கொஞ்சம் அகராதி புடிச்சவ, பார்த்து நடந்துக்குங்க மாப்பிள்ளை" என்றார். உன் வேலையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். இன்றைக்கு வரைக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் உன் சொல்லுக்கு வருகிறேன், அதுதான் எனக்குச் சுலபம். இங்கே நீரேற்று நிலையத்தில் பன்னிரண்டு பெரிய மோட்டார்கள். ஊர் முழுவதும் குழாயில் தண்ணீர் வருவது அவற்றால்தான். பட்டறையில் நம் மொழி பேசுகிறவர்கள் ஒன்பது பேர். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் உன் பட்டியலைப் படித்துக் காட்டினேன். மறுமலர்ச்சி என்றதும் வயரிங்காரர், "அது எங்க தெரு சலவைக்கடை பேருங்க" என்றார். வேறு எங்கும் அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லையாம். எழுதிக்கொள்.

புதுப்பித்தல் காகிதத்துக்கு. லைசென்ஸ், அடையாள அட்டை, ஒப்பந்தம். மோட்டாரை யாரும் புதுப்பிப்பதில்லை. உள்ளே கம்பி சுற்றின காயில் கருகிப்போனால் "செத்துப்போச்சு" என்போம். பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டி, சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு உறுமல் வரும் பார், அப்போது "உசுரு வந்துருச்சு" என்போம். உயிர்ப்பித்தேன் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். உயிர் தானாக வந்த மாதிரிதான் பேச்சு. கட்டினவன் பெயரை யாரும் சொல்வதில்லை.

காகிதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. என் ஒப்பந்தமும் மார்ச்சில்தான் முடிகிறது. இந்தத் தடவை ஒரு வருடம் கிடையாது, மூன்று வருடமாம். படிவம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பிப்ரவரிக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

வீட்டு விஷயம் உன் இஷ்டம். குடியிருப்பது நீ.

மெக்கானிக்

*

ஜனவரி 30

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சலவைக்கடையைத் தலைமை ஆசிரியர் அம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அதென்ன கையெழுத்து? கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. முத்து முத்தாக எழுதுவீர்களே. அவசரமா, அலட்சியமா, இல்லை எனக்கு இது போதும் என்றா? இரண்டு இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். உசுரு என்பது முதலில் கொசு என்று தெரிந்தது.

புதுப்பித்தல் காகிதத்துக்கு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது தெரியாதா? ஒரு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். முதல் மார்ச்சில் "புதுப்பித்துவிட்டார்கள்" என்று கடிதம் வந்தது. இரண்டாவது மார்ச்சிலும் வந்தது. அகராதியில் நல்ல பொருளோடு இருக்கிற ஒரு சொல், நம் வீட்டில் மட்டும் நீங்கள் வரமாட்டீர்கள் என்று அர்த்தமாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கே நான் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள்.

எழுத உட்கார்ந்தால் வேடிக்கையாகவும் இருக்கிறது. புதுப்பிக்க வேண்டுமானால் பழையது இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். உயிர்ப்பிக்க வேண்டுமானால் அது செத்திருக்க வேண்டும். துளிர்ப்பது யார் கையிலும் இல்லை. துளிர்த்தது என்கிறோம், துளிர்ப்பித்தேன் என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் சீட்டுச் சீட்டாக எழுதி அடுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது, நமக்கு இதில் எது பொருந்தும் என்று யோசிக்கிறேன். யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் யோசிக்கிறேன்.

மிக்சி ஓடவில்லை. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "இது தேறாதும்மா, புதுசு வாங்கிக்குங்க" என்றார். பரீட்சையில் தேறுவது, நோயாளி தேறுவது, இரண்டும்தான் எங்கள் பெட்டியில் இருந்தன. மிக்சி தேறாதது புதிது. சான்று எழுதிக்கொண்டு மிக்சியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். நீங்கள் வாங்கியது, தூக்கிப் போட மனசு வரவில்லை.

உன் இஷ்டம் என்று நீங்களும் சொல்லக் கூடாது, என் இஷ்டம் என்று நானும் முடிவு செய்யக் கூடாது என்றுதான் பெயரைப் பற்றிக் கேட்டேன். ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த அட்டையில் நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. விவரம் வேண்டாம் என்று எழுதியவளும் நான்தான். இப்போது நீங்கள் தனியாகத்தான் இருக்கிறீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதினால் போதும். அதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கார அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் குடியிருப்பவள்

*

பிப்ரவரி 11

அன்புள்ள அகராதிக்கு,

இல்லை. தனியாக இல்லை. ஒரு அறையில் நான்கு பேர். ஒருவர் குறட்டை, ஒருவர் ரேடியோ, ஒருவர் இரண்டும். இதைக் கேட்க உனக்கு என்ன கூச்சம் என்று எனக்குப் புரியவே இல்லை. நான் எதை ஒப்புக்கொண்டேன்?

மிக்சியைத் தலைகீழாக வைத்து அடிமூடியைக் கழற்று. மோட்டாருக்கு இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கார்பன் துண்டு ஒவ்வொன்று இருக்கும். தேய்ந்திருக்கும். அதே அளவில் வாங்கிப் போட்டால் ஓடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வை.

பட்டறை முழுவதும் தினமும் புழங்குகிற ஒரு சொல் உன் பட்டியலில் இல்லை. முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்தேன். கருகின மோட்டார் எது வந்தாலும் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி, "இது பிழைக்குமா?" என்பதுதான். பிழைக்கும் என்றால் மேசைக்குப் போகும், பிழைக்காது என்றால் குப்பைக்குப் போகும். உன் சொற்கள் அத்தனையும் அதற்குப் பிறகுதான். அதை எப்படி விட்டாய்?

என்னைப் பற்றியும் அப்படித்தான் கேட்டார்களாம். அட்டையைப் பற்றி நீயே பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். நீ விவரம் வேண்டாம் என்றாய், நானும் மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது உனக்கு வேண்டாமென்றாலும் எனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஆறாம் நம்பர் மோட்டார் நின்றுபோனது. தண்ணீர் இல்லை என்று ஊரெல்லாம் சத்தம். மெயினை அணைத்தால் பக்கத்தில் இருக்கும் இரண்டும் நிற்கும். அணைக்காமல் கை வைத்தேன். நான் புறப்பட்ட அன்று வாசலில் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நீ என்ன வாங்கிக்கொண்டாய்? மெயினை அணைக்காமல் எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாய். அதைத்தான் மீறினேன். வயரிங்காரர் கட்டையால் அடித்து என்னைப் பிரித்திருக்கிறார். நெஞ்சு நின்றுவிட்டதாம். குத்திக் குத்தி ஓட வைத்திருக்கிறார். அவர் என்னைக் குத்திக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி பக்கத்தில் நின்று அழுதுகொண்டு, "பிழைப்பானா, பிழைப்பானா" என்று கேட்டாராம்.

ஆஸ்பத்திரியில் கண் முழித்த நான்காம் நாள் அட்டை கேட்டேன். வலது கையில் கட்டு. உள்ளே இரண்டு விரல் இல்லை என்று அப்போது தெரியாது. இடது கையால் எழுதினேன். ஏழு சொல் எழுதுவதற்குள் வேர்த்துவிட்டது. "பிழைத்தேன். கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். மன்னித்துவிடு. விவரம் பிறகு." இன்றைக்கும் இடது கைதான். கோழி கிளறியது என்று நீ எழுதியிருந்தாயே, அந்தக் கோழி இதுதான்.

உன் பதில் என் பெட்டியில் இருக்கிறது. "நீங்கள் எழுதிய முதல் சொல்லே எல்லாம் சொல்லிவிட்டது. விவரம் வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்." நான் பிழைத்தது உனக்கு அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு சத்தியத்தை மீறினதற்கு இவ்வளவு கோபமா, உயிரோடு இருக்கிறேனே என்று ஒரு வரி எழுதக் கூடாதா என்று ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் கேட்டிருப்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எந்த மார்ச்சிலும் அவர்கள் புதுப்பிக்கவில்லை, நான்தான் கேட்டுக் கேட்டுப் புதுப்பித்தேன். திரும்பிப் போக இடம் இருக்கிறதா என்று தெரியாதவன் வேறு என்ன செய்வான்?

இப்போது மோட்டாரில் நான் கை வைப்பதில்லை, காது வைக்கிறேன். சத்தத்தைக் கேட்டு எங்கே கோளாறு என்று சொல்வேன், மற்றவர்கள் செய்வார்கள். நல்ல வேலைதான்.

பெயரை எடுத்துவிடு. நான் அங்கே இல்லாத ஆள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தால் நன்றாக இருக்கும்.

மெக்கானிக்

*

பிப்ரவரி 21

என்னவருக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. வழக்கமாக ஏழு நாளில் வருவது, இந்தத் தடவை பத்து நாள். நின்றபடியே படித்தேன். பிறகு செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு தபால் நிலையத்துக்கு ஓடினேன்.

தந்திக்காரர் படிவத்தை நீட்டி, "சுருக்கமா சொல்லுங்கம்மா" என்றார். சுருக்கமாக நீங்கள் எழுதியதால்தான் நமக்கு மூன்று வருடம் போனது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தேன். "பொறுங்கள்." இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதையும் நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ என்று பயமாக இருப்பதால் விளக்கமும் எழுதிவிடுகிறேன். காத்திருங்கள் என்று ஒரு பொருள். மன்னியுங்கள் என்று ஒரு பொருள். இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்பினேன்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். உங்கள் அட்டை வந்த வாரம் என் மேசையில் பி எழுத்து. பிழை என்ற சொல்லுக்குப் பழைய நூல்களிலிருந்து எடுத்த நாற்பது சீட்டு என் முன்னால் பரப்பிக் கிடந்தது. நாற்பதிலும் பிழைத்தேன் என்றால் தவறு செய்தேன், குற்றம் செய்தேன். இருபது நாளாக அதே பொருளில் ஊறிக்கிடந்தவளிடம் தபால்காரர் உங்கள் அட்டையைக் கொடுத்தார். பிழைத்தேன், கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், மன்னித்துவிடு. எந்த வாக்கு? ஒரு பெண்ணுக்கு அவள் புருஷன் கொடுத்த வாக்கு என்றால் நான் எதை நினைப்பேன்? எழுத்து வேறு நடுங்கியிருந்தது. குற்ற உணர்ச்சியில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று வருடம், இல்லாத ஒருத்தியோடு சண்டை போட்டேன். அவளுக்கு நெளிமுடி வைத்தேன், என்னைவிட உயரம் வைத்தேன், நன்றாகச் சமைக்கவும் வைத்தேன். நீங்கள் கட்டுப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாட்களில் நான் அவளைத் திட்டிக்கொண்டு இங்கே சோறு வடித்தேன். காய்கறிக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை ஊரே ஒரு பொருளில் பேசுகிற சொல்லை, அகராதிக்காரி ஒருத்தி மட்டும் தப்பாகப் படித்தாள். என் அண்ணன் சொன்னது சரிதான். எனக்கு அகராதிதான் பிடித்திருக்கிறது.

நீங்கள் செத்துப் பிழைத்திருக்கிறீர்கள். நான் ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், மூன்று வருடம் தாமதமாக. நீங்கள் பிழைத்தீர்களே, எனக்கு அது போதும். அந்த வயரிங்காரர் கையை என் சார்பில் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கையால் குத்தினாரோ அந்தக் கையை.

மெயினை அணைக்காமல் தொட்டதற்குத் தனியாகக் கோபம் இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

மிக்சியின் கார்பன் துண்டை மாற்றிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். சுவிட்சைப் போட்டதும் நீங்கள் சொன்ன அந்த உறுமல் வந்தது. "பிழைச்சிருச்சு" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன், சமையலறையில் தனியாக நின்றுகொண்டு. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிற்பகல் அலுவலகத்துக்குப் போய், அச்சுக்குக் கொடுத்து வைத்திருந்த பி எழுத்துச் சீட்டுக்கட்டைத் திரும்பக் கேட்டேன். தலைமை ஆசிரியர் அம்மா, "மூணு வருஷம் முன்னாடி முடிஞ்சதை எதுக்கு இப்போ?" என்றார். ஒரு பொருள் விட்டுப்போய்விட்டது என்றேன். பிழை, பழுதானது மீண்டும் இயங்கும் நிலைக்கு வருதல். சான்று: இந்த மோட்டார் பிழைக்குமா? யார் சொன்னது என்ற இடத்தில் நீரேற்று நிலைய மேஸ்திரி என்று எழுதினேன். தவறு என்ற பொருளை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டேன்.

பெயரை எடுக்கப் போவதில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. பத்திரம் எழுதுகிறவர், உங்கள் கையெழுத்தை நேரில்தான் போட வேண்டும் என்கிறார். இடது கையால் போட்டால் செல்லுமா என்று விசாரித்தேன். செல்லுமாம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டீர்களே?

உங்கள்
அகராதி

*

மார்ச் 4

என் அகராதிக்கு,

உன் கணக்கில் ஏழு நாள், என் கணக்கிலும் அதேதான். நான் எழுதியது பதினொன்றாம் தேதி. உன் பதில் எப்படியும் இருபத்தைந்துக்குள் வந்துவிடும், அதுவரை படிவத்தைத் தொடுவதில்லை என்றுதான் இருந்தேன். பத்தொன்பதாம் தேதி மேலாளர் ஆள் அனுப்பினார். மற்ற எல்லோரும் கொடுத்துவிட்டார்களாம், என்னுடையதுதான் பாக்கியாம். நேரில் போய் நின்றேன். இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்பார், என் மனைவியின் ஒரு வரிக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போட்டுவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி உன் தந்தி வந்தது.

ஒரே சொல் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பட்டறையே கூடிவிட்டது. "காசு மிச்சம் புடிக்கிற வீட்டம்மா போல" என்றார் மேஸ்திரி. நான் பாதியைத்தான் புரிந்துகொண்டேன். காத்திருக்கச் சொல்கிறாய் என்று நினைத்து, நேராக மேலாளரிடம் ஓடினேன். படிவம் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். மீதிப் பாதி உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

அந்தக் கடிதத்தை வெளியே மோட்டார் கொட்டகையில் வைத்துப் படித்தேன், ஆறாம் நம்பர் பக்கத்தில். அது இப்போது நன்றாக ஓடுகிறது. அங்கே நின்றால் யார் அழுதாலும் வெளியே கேட்காது. நெளிமுடிக்காரி இடத்தில் சிரிப்பும் வந்தது. சமைக்க வேறு தெரிந்தவளாமே, அறையில் நான்கு பேரும் வெந்ததும் வேகாததுமாகத் தின்றுகொண்டிருக்கிறோம், அவளை அனுப்பி வைத்திருக்கலாம்.

உன்மேல் மட்டும் பழியைப் போட்டுக்கொள்ளாதே. விவரம் பிறகு என்று எழுதியவன் நான். கை ஆறிய பிறகு எழுதியிருக்கலாம். நீ வேண்டாம் என்றாய் என்பதைப் பிடித்துக்கொண்டு ரோஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கே கோளாறு என்று காது வைத்தே கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் எனக்கு. உன் மூன்று வரியில் இருந்த கோளாறு எனக்குக் கேட்கவில்லை. அந்த நாற்பது சீட்டுக்காரர்களின் பொருளிலும் நான் பிழைத்தவன்தான். அந்தப் பொருளையும் அகராதியில் விட்டுவைத்தாயே, நல்லதாகப் போயிற்று.

வயரிங்காரர் கையைப் பிடித்து நீ சொன்னதைச் சொன்னேன். வலது கைதான். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "எல்லாருந்தான் செய்வாங்க" என்று விலகிப் போய்விட்டார்.

மேலாளரிடம் நேற்று மறுபடி போனேன். இந்தத் தடவை வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொன்னேன், பிழைத்தேன் என்ற சொல்லிலிருந்து. அவருக்கு நம் மொழி தெரியாது. வயரிங்காரர் பக்கத்தில் நின்று புரிய வைத்தார். ஒரு சொல்லுக்கு இப்படி இரண்டு அர்த்தம் இருக்குமா என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில், என் காதுக்குப் பதில் இன்னொரு காதைப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். ஆறு மாதம். அதற்கு முன் முடியாது. மூன்று வருடத்தை ஆறு மாதமாகக் குறைத்ததே பெரிது.

அதனால் மார்ச்சுக்குள் வந்து கையெழுத்துப் போட முடியாது. தேதி தாண்டிவிடும். இருக்கட்டும், அந்தக் காகிதத்தை உன் பெயரில் மட்டும் புதுப்பித்துக்கொள். செப்டம்பரில் நான் வந்த பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவோம். என் பெயருக்கு ஒரு வரி இடம் விட்டு எழுதச் சொல், இடது கை எழுத்து கொஞ்சம் பெரிதாக விழும்.

நீ அனுப்பிய தந்தியை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப என்னிடம் வேறு சொல் இல்லை, அதையே அனுப்புகிறேன். நீ எழுதிய அந்த இரண்டு பொருளிலும் எடுத்துக்கொள்.

பொறு.

உன்
மெக்கானிக்